பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்களின் பேச்சு மீன்வளச் சட்டத்தில் எடுபடுமா?

குன்னூரில் இருந்துகொண்டு விடுமுறைக்குக் கடலில் தூண்டில் போடப் போகிறவர் நீங்கள். அதனால்தான் இந்தக் கேள்வி என்று நினைக்கிறேன். எடுபடும்; உங்கள் மாவட்டமே சாட்சி. 1879லேயே நீலகிரிக்கென்று தனியாக வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொழுதுபோக்குக்கு வேட்டையாடியவர்களும் மீன்பிடித்தவர்களும் சங்கம் வைத்துக் காட்டிய அக்கறைக்கு அதில் பெரும் பங்குண்டு. அப்புறம் 1907ல் அதே நீலகிரியின் அவலாஞ்சியில், டிரவுட் என்ற குளிர்நீர் மீனுக்குக் குஞ்சு பொரிப்பகம் வந்தது.

ஆனால் அவர்கள் பாடுபட்டு வளர்த்த வானவில் டிரவுட் வெளிநாட்டு மீன். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. தூண்டில்காரர் தனக்குப் பிடித்த மீனைத்தான் முதலில் காப்பார். ஆகவே அவருக்கு இடம் வேண்டும், ஆனால் அவர் கையில் மட்டும் முடிவு இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவில் ஏறக்குறைய அப்படித்தான் செய்கிறார்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த 8 மண்டல மீன்வள மன்றங்களில் தொழில்முறை மீனவர்களோடு பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களும் உட்காருகிறார்கள். தூண்டில் சாமான்களுக்கான வரி 1950 முதல் மீன்வளப் பாதுகாப்புக்கே போகிறது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்: காசு கொடுப்பவர் கணக்கும் கேட்பார்.

தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் தொழில் மீன்பிடிப்பை மனதில் வைத்து எழுதப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலமும் விசைப்படகுகளுக்கானது. சட்டம் கேட்காவிட்டாலும், பிடித்த மீனின் வகை, நீளம், இடம், தேதியைக் குறித்து வையுங்கள். சினை மீனை உடனே கடலில் விடுங்கள்.