கேள்வி - பதில்: பழைய கார்ட்டூன், புதிய இணைப்பு

கேள்வி: எங்கள் கழகத்தின் பழைய கார்ட்டூன் குறும்படங்களைப் புதுக் காட்சிகளால் கோத்து ஒரே படமாக்குகிறோம். பழைய பகுதியில் அசைவு துள்ளுகிறது, புதியதும் ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: பிரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் ஓடுகின்றன என்பதை முதலில் பாருங்கள். பழைய கோப்பு நொடிக்கு 25 பிரேம், உங்கள் டைம்லைன் (எடிட்டிங் மென்பொருளில் காட்சிகளை அடுக்கும் பட்டை) 24 என்றால், மென்பொருள் நொடிக்கொரு பிரேமை விழுங்கிவிடும். துள்ளல் அதனால்தான். டைம்லைனை 25க்கு மாற்றி, புதுக் காட்சிகளையும் 25இலேயே வரைந்துவிடுங்கள்.

அடுத்து கோட்டின் தடிமன். 576 வரிகள் கொண்ட பழைய படத்தை 1080 வரிகளுக்குப் பெரிதாக்கினால் 2 பிக்சல் கோடு ஏறக்குறைய 4 ஆகும், விளிம்பும் மங்கும். புதுக் கோடு மெல்லியதாக, கூராக இருந்தால் கண்ணை உறுத்தும். 4 பிக்சலில் வரைந்து, லேசாக மங்கலாக்குங்கள். பழைய டிவி வடிவிலான 4:3 படத்தை அகலத்திரைக்காக வெட்டவே வேண்டாம். தலையும் காலும் போய்விடும். பக்கங்களில் கறுப்பு இருக்கட்டும்.

எவ்வளவு சரிசெய்தாலும் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். அதைக் கதையே தாங்கட்டும். 1979இல் அமெரிக்கக் கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸ் தொகுத்த படத்தில் பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயல் தன் மாளிகையில் நின்று பழைய படங்களை நினைவுகூரும். நினைவு என்றான பிறகு, பழைய சாயல் குறையாகவே தெரியாது. அருமையான உத்தி! குரல் மட்டும் மாறக்கூடாது. அந்தப் படத்திலும் பக்ஸ் பன்னிக்குப் பழைய படங்களில் குரல் கொடுத்த மெல் பிளாங்க்தான் பேசினார்.