டிக்கியாவைப் பட்டினி போடலாமா?

கேள்வி: வறட்சியைத் தாங்கும் என்றார்களே என்று டிக்கியா என்ற முட்செடிக்குத் தண்ணீரே விடவில்லை. இலை நுனிகள் காய்ந்து சுருள்கின்றன. இப்போது பூத்தண்டு வேறு எட்டிப் பார்க்கிறது. பூத்ததும் செத்துவிடுமா?

பதில்: சாகாது, கவலையை விடுங்கள். இது அன்னாசியின் குடும்பம். அந்தக் குடும்பத்தில் பல செடிகள் ஒருமுறை பூத்ததும் கன்று விட்டுவிட்டு மடியும். டிக்கியாவின் பூத்தண்டோ நடுக்குருத்தை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் கிளம்புகிறது. அதனால் குருத்து பாட்டுக்கு வளரும்.

தண்ணீர் விஷயத்தில்தான் கொஞ்சம் கொடுமைப்படுத்திவிட்டீர்கள்! பிரேசில் பக்கத்துப் பாறை இடுக்குச் செடிதான், சரி. ஆனால் தன் உறவுக்காரச் செடிகள் பலவற்றைப் போல இலைக்கிண்ணத்தில் நீர் சேர்த்துவைக்க இதற்குத் தெரியாது, வேரைத்தான் நம்பியிருக்கிறது. மேல்மண் காய்ந்ததும் தாராளமாக ஊற்றுங்கள். மணலும் சரளையும் கலந்த மண்ணாக இருந்தால் நீர் தேங்காது. வெயில் முழுசாகப் படட்டும், நிழலில் இலை வெளிறி நீண்டுவிடும்.

அப்புறம், களை பிடுங்கும்போது ஜாக்கிரதை. இலையோர முட்கள் பல வகைகளில் தூண்டில் கொக்கி போல உள்நோக்கி வளைந்திருக்கும். கை சுலபமாக உள்ளே போகும். வெளியே எடுக்கும்போதுதான் கிழிக்கும். துணிக் கையுறையெல்லாம் சும்மா. நீள இடுக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.