மெடிசின் கிடைக்காத மகளும் எலும்பு வளர்க்கும் படிப்பும்

அக்கா, ஆரையம்பதியிலிருந்து நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். மகளுக்கு உயர்தரப் பரீட்சையை இரண்டு முறை எழுதியும் மெடிசினுக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) போதவில்லை, இப்போது "ஸ்டெம் செல்லில எலும்பு வளர்க்கிற ஆராய்ச்சி செய்யப்போறன்" என்கிறாள், மூன்றாம் ஷையை (மூன்றாம் தடவை பரீட்சை எழுதுவதை) விட்டுவிடுவாளோ என்று உங்களுக்குப் பயம். சரி, முதலில் ஒன்று: பிள்ளை சொல்வது கற்பனை இல்லை.

முறிந்த எலும்பு தானாகப் பொருந்தும். ஆனால் விபத்திலோ புற்றுநோயிலோ பெரிய துண்டே போய்விட்டால் அந்த இடைவெளி மூடாது. இன்றைக்கும் வைத்தியர்கள் பெரும்பாலும் நோயாளியின் இடுப்பெலும்பில் கொஞ்சம் வெட்டி அங்கே வைக்கிறார்கள்; கிடைக்கும் அளவும் குறைவு, வெட்டிய இடமும் வலிக்கும். அதற்கு மாற்றாகத்தான் சாரம் (உடுக்கிற சாரம் இல்லை அக்கா, மேசன்மார் கட்டடத்துக்குக் கட்டுவது) போல நுண்துளைகள் நிறைந்த ஒரு செயற்கைத் துண்டைக் கல்சியம் பொஸ்பேற்றிலோ உடம்பில் மெல்லக் கரையும் பொலிமரிலோ செய்து, என்பு மச்சையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை (எலும்புக் கலமாக மாறக்கூடிய மூலக் கலங்களை) அதில் ஏற்றிப் பார்க்கிறார்கள். புது எலும்பு வளர வளரச் சாரம் கரைய வேண்டும். முந்திக் கரைந்தால் இடிந்துவிடும், பிந்தினால் எலும்புக்கு இடமில்லை. அதைவிடப் பெரிய தலையிடி இரத்தம்: இரத்தக் குழாயிலிருந்து 0.2 மில்லிமீற்றர் தள்ளினாலே கலங்களுக்கு ஒட்சிசன் போதாது, அதனால் சின்னத் துண்டில் பலிப்பது பெரிய துண்டின் நடுவில் பலிப்பதில்லை. இந்தச் சிக்கல் தீராததால்தான் ஆராய்ச்சிக்கு இன்னும் ஆள் தேவைப்படுகிறது.

இதில் பாதி உயிரியல், மீதி இரசாயனமும் பொறியியலும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் இருக்கிறது, ஆனால் அது இணைந்த கணிதம் செய்தவர்களுக்கு, மகளுக்குச் சரிவராது. கொழும்பில் உயிரிரசாயனமும் மூலக்கூற்று உயிரியலும், பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், வீட்டுக்குப் பக்கத்தில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம் என்று அவளுக்கு வழி இருக்கிறது. என்னைக் கேட்டால் ஆய்வுகூட விஞ்ஞானம். ஆராய்ச்சி ஆசை நடுவில் ஆறிப்போனாலும் கையில் ஒரு தொழில் மிஞ்சும், ஆறாவிட்டால் அதே பட்டத்தை வைத்து மேலே படிக்கலாம். கொழும்பு மச்சாளின் வெட்டுப்புள்ளியோடு (அனுமதிக்குத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி) மட்டும் ஒப்பிடாதீர்கள். மட்டக்களப்பு பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று, அவற்றுக்கென்று 5 சதவீத இடம் தனியே இருக்கிறது.

ஒளிக்காமல் சொல்கிறேன், பட்டத்தோடு இது முடியாது. பெரும்பாலும் வெளிநாட்டில் பிஎச்டி, மொத்தம் பத்து வருடம் வரை போகும். ஆனால் விஞ்ஞான பிஎச்டிக்குப் பல நாடுகளில் மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கும், காணி விற்கத் தேவையில்லை. காணி விற்கச் சொல்கிற முகவரை வீட்டுப் படலைக்குள்ளே விடாதீர்கள்.

மூன்றாம் ஷை எழுதுவதா என்பதை இரசாயனவியல் பெறுபேற்றைப் பார்த்துத்தான் சொல்வேன். பெறுபேற்றுத் தாளோடு மகளைச் சனிக்கிழமை அனுப்புங்கள். நீங்களும் வாருங்கள், ஆனால் நாங்கள் கதைக்கும்போது வெளியில் இருங்கள் அக்கா, உங்களுக்கு முன்னால் அவள் வாய் திறக்க மாட்டாள்.