அந்தப் பிள்ளையை ஏசாதீர்கள், தம்பி

கேள்வி: அக்கா, கல்முனையில் தலைமைக் காரியாலயமும் மட்டக்களப்பு, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய இடங்களில் கிளைகளும் உள்ள ஒரு நிறுவனத்தில் ஐ.டி. பகுதியை நானும் ஓர் உதவியாளரும் பார்க்கிறோம். உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் தவணைக்குக் கொடுக்கிற வியாபாரம். சில மாதங்களாக நாளுக்கு இரண்டு மூன்று தெரியாத கோல் வருகிறது. ஒருவர் மென்பொருள் லைசன்ஸ் விற்கிறார், ஒருவர் பிரிண்டர் டோனர், இன்னொருவர் 'சின்ன சர்வே' என்கிறார். பெரும்பாலும் 011 இலக்கம். இங்கிலீஷிலோ சிங்களத்திலோ வேகமாகப் பேசுவார்கள். போன கிழமை நான் அக்கரைப்பற்றுக்குப் போயிருந்த நேரம், வரவேற்பு மேசையில் இருக்கிற தங்கச்சி, 'மைக்ரோசொப்ட் பாட்னர்' என்று சொன்ன ஒருவருக்கு எத்தனை கணனி, என்ன அன்டிவைரஸ், அது எந்த மாதம் முடிகிறது, கணக்காளரின் பெயர் என்ன என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முகாமையாளர் எல்லாருக்கும் முன்னால் ஏசினார். எழுத்தில் விளக்கமும் கேட்கப்போகிறாராம். எது உண்மையான விற்பனைக் கோல், எது கள்ளக் கோல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இனி என்ன செய்ய வேண்டும்?
— பெயர் வேண்டாம், கல்முனை

பதில்: தம்பி, உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். அந்த விளக்கக் கடிதத்தை எப்படியாவது நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை உங்களிடம் நடந்ததைச் சொன்னபடியால்தான் என்ன வெளியே போனது என்று உங்களுக்குத் தெரிந்தது. ஏச்சு வாங்கியவர் அடுத்த முறை சொல்லமாட்டார். பக்கத்து மேசையில் இருந்து பார்த்தவர்களும் சொல்லமாட்டார்கள். கள்ளக் கோல் எடுக்கிறவனுக்கு இதைவிட வசதி வேறு இல்லை. மட்டக்களப்பில் ஒரு நிறுவனத்தின் கணனிப் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எங்களுக்கு வந்த பெரிய நட்டங்கள் எல்லாம் யாரோ ஒருவர் பயத்தில் இரண்டு நாள் மறைத்ததால் பெரிதானவைதான்.

இனி, அந்தத் தங்கச்சி சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எத்தனை கணனி என்பது தனியே ஒன்றுமில்லை. அன்டிவைரஸின் பெயரும் தனியே பெரிய விசயமில்லை. ஆனால் அது முடிகிற மாதத்தையும் கணக்காளரின் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த மாதம் வரும்போது, அந்த அன்டிவைரஸின் பெயரில், சரியான கணனி எண்ணிக்கையோடு, கணக்காளரின் பெயருக்கே ஒரு இன்வொய்ஸ் வரும். எல்லாம் பொருந்துகிறபடியால் கணக்காளர் சந்தேகப்படமாட்டார். வங்கிக் கணக்கு இலக்கம் மட்டும் வேறாக இருக்கும். இப்படிப்பட்ட கோலில் விற்கிறமாதிரிப் பேசினாலும், உண்மையில் அளவெடுக்கிறார்கள். தையல்காரர் அளவெடுத்துப் போனால் சட்டை பிறகு வரும்தானே, அதுபோல. அதனால் 'அவன் ஒன்றும் விற்கவில்லையே, சும்மா கேட்டுவிட்டு வைத்துவிட்டான்' என்கிற கோலுக்குத்தான் நான் கூடப் பயப்படுவேன்.

எது உண்மை, எது கள்ளம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்கள். கோல் நடக்கிற நேரத்தில் கண்டுபிடிக்க முடியாது, தம்பி. முயற்சிக்கவும் வேண்டாம். 011 என்று தெரிவது கொழும்பிலிருந்து வருகிறது என்பதற்கு அத்தாட்சி இல்லை. இன்டர்நெட் வழியாகப் போன் எடுக்கிறவர்கள் மறுபக்கத்தில் தெரிய வேண்டிய இலக்கத்தை மாற்றிக் காட்ட வழி இருக்கிறது. நாளைக்கு உங்கள் சொந்த 067 இலக்கமே திரையில் தெரிந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். பேச்சின் மரியாதையும் அத்தாட்சி இல்லை. சொல்கிற செய்தி உண்மையாக இருப்பதும் அத்தாட்சி இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு நிறுத்தியது உண்மை. அந்த உண்மையைச் சொல்லிக்கொண்டே ஒருவன் பொய்யும் விற்கலாம். செய்தியைச் சரிபார்த்துவிட்டு ஆளை நம்பிவிடுகிறோம். அங்கேதான் படித்தவர்களும் விழுகிறார்கள்.

2020 ஜூலையில் ட்விட்டர் நிறுவனத்தில் நடந்ததை உங்கள் முகாமையாளருக்குச் சொல்லுங்கள். ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்த காலம். 'கம்பனியின் ஐ.டி. பகுதியிலிருந்து பேசுகிறோம்' என்று போன் எடுத்து அவர்களின் பாஸ்வேர்டை வாங்கினார்கள். 130 கணக்குகள் குறிவைக்கப்பட்டன. உலகத் தலைவர்களின் பெயரில் பிட்கொயின் கேட்டுப் பதிவு போட்டார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் 17 வயதுப் பையன். அங்கே வேலை செய்தவர்கள் கணனியிலேயே வளர்ந்தவர்கள். அவர்களே ஒரு குரலை நம்பினார்கள் என்றால், கல்முனையில் வரவேற்பு மேசையில் இருக்கிற ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்துவது நியாயமா?

ஆகவே ஆளை மதிப்பிடுவதை விடுங்கள். வருகிற எல்லாருக்கும் ஒரே வழியை வையுங்கள்: அவர்கள் எடுத்த கோலில் எங்களைப் பற்றிய ஒரு விபரமும் சொல்லப்படாது. நல்லவரோ கெட்டவரோ, பெயர், கம்பனி, விசயம் மூன்றையும் எழுதிக்கொண்டு 'ஈமெயில் அனுப்புங்கள், தேவையென்றால் நாங்கள் எடுப்போம்' என்று வைத்துவிட வேண்டும். உண்மையான விற்பனையாளர் ஈமெயில் அனுப்புவார், அவருக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை. நீங்கள் திருப்பி எடுப்பதென்றால், அவர் தந்த இலக்கத்துக்கு எடுக்காதீர்கள். உங்கள் பழைய பில்லில், ஒப்பந்தத்தில் இருக்கிற இலக்கத்துக்கு எடுங்கள். ஐ.டி. கேள்வி எதுவானாலும் உங்கள் ஒருவருக்கே வர வேண்டும், நீங்கள் இல்லாவிட்டால் அது காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாத விற்பனை என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. 'இன்றைக்கு நான்கு மணிக்குள் சொல்லாவிட்டால் லைசன்ஸ் போய்விடும்' என்றால் போகட்டும்.

இதைச் சட்டமாக எழுதி ஒட்டுவது சுலபம். எங்கள் பக்கத்தில் அதைச் செய்வதுதான் கஷ்டம். வந்தவரைப் பாயோடு ஒட்டவைக்கிற ஊர் என்று மட்டக்களப்புக்குப் பெயர். அம்பாறைக் கரையோரத்திலும் அப்படித்தான், வாசலுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினால் மனம் ஆறாது. பேசிக்கொண்டிருக்கிறவரின் முகத்தில் அடித்தாற்போல் போனை வைக்க எங்கள் பிள்ளைகளுக்குக் கை வராது. அதோடு இங்கிலீஷ் வேறு. எதிரில் இருப்பவர் வேகமாகப் பேசும்போது, விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு 'யெஸ், யெஸ்' என்று போய், தெரிந்த சொல் வந்தவுடன் அதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள். அந்தத் தங்கச்சிக்கும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவருக்கு விவேகம் குறைவு என்று அர்த்தமில்லை. அந்த நேரத்தில் சொல்வதற்குக் கையில் ஒரு வசனம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

வசனத்தைக் கொடுங்கள். 'பிளீஸ் சென்ட் அஸ் அன் ஈமெயில், தேங்க் யூ' என்று தமிழ் எழுத்திலேயே எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். சிங்களத்துக்கு 'ஈமெயில் எகக் எவன்ன, ஸ்துதி'. எந்தக் கேள்வி வந்தாலும் அதையே இரண்டு முறை சொல்லிவிட்டு வைக்கலாம். நீங்களே பக்கத்து அறையிலிருந்து போன் எடுத்து, வேகமாக இங்கிலீஷில் கேட்டு, நாலைந்து தடவை பழக்குங்கள். சொல்லிக் கொடுப்பதைவிட வாய் பழகுவது பெரிது.

டோனர்க் கோல் வேறு சாதி. 'உங்கள் பிரிண்டர் என்ன மொடல்?' என்று கேட்பார்கள். பிறகு ஒரு நாள் பெட்டி வந்து இறங்கும், விலை கூடிய பில்லோடு, 'உங்கள் ஆள்தான் ஓடர் தந்தார்' என்று அன்று பேசியவரின் பெயரையே சொல்லிக்கொண்டு. எங்கள் காரியாலயத்தில் அப்படி வந்த இரண்டு பெட்டிக்கு நாங்கள் காசும் கட்டியிருக்கிறோம், அந்தப் பெயர் சரியாக இருந்ததால். உங்கள் கொள்வனவுக் கட்டளை இலக்கம் இல்லாத எந்தப் பெட்டிக்கும் காவலாளி கையெழுத்துப் போடக்கூடாது. மூன்று கிளையிலும் சொல்லிவையுங்கள். தலைமைக் காரியாலயம் இறுக்கினால் அவர்கள் கிளைக்குத்தான் போவார்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கணனியைத் திறக்கச் சொல்கிற கோல். விண்டோஸ் தனக்குள் நடப்பதைக் குறித்துவைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்வார்கள். அதில் எந்த நல்ல கணனியிலும் சிவப்பு, மஞ்சள் அடையாளங்கள் இருக்கும். அதைக் காட்டி 'வைரஸ்' என்று பயமுறுத்தி, தூரத்திலிருந்து கணனியை இயக்க உதவுகிற எனிடெஸ்க் அல்லது டீம்வியூவர் மென்பொருளைப் போடச் சொல்லி, திரையில் தெரிகிற இலக்கத்தைக் கேட்பார்கள். அந்த இலக்கத்தைச் சொல்லி 'அக்செப்ட்' அமத்தினால் கணனியே அவர்களின் கையில். மைக்ரோசொப்ட் தானாக யாருக்கும் போன் எடுத்துக் கணனி திருத்துவதில்லை. ஊழியர்களுக்குப் புதிய மென்பொருள் போடுகிற அட்மின் உரிமை கொடுக்காமல் விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், தம்பி. எனிடெஸ்க்கை இன்ஸ்டோல் பண்ணாமலே ஓடவிடலாம். நீங்கள் பாவிக்காத ரிமோட் மென்பொருள்களை பயர்வோலிலும் தடுத்துவிடுங்கள்.

இப்போது, போன கிழமை வெளியே போனதற்கு. இன்றைக்கே கணக்காளரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். அன்டிவைரஸ் பில் எப்போது வந்தாலும், உங்களைக் கேட்காமல், பழைய வங்கிக் கணக்கோடு ஒப்பிடாமல் கட்டக்கூடாது. உங்களுக்கு உண்மையில் அன்டிவைரஸ் தருகிறவருக்கும் சொல்லிவையுங்கள். வரவேற்பு மேசைக் கணனியில் அன்று ஏதாவது திறக்கப்பட்டதா, இறக்கப்பட்டதா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள். ஏதாவது இருந்தால் முதலில் நெட்வேர்க் வயரைக் கழற்றுங்கள், வைஃபை இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பிறகு, கணனிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கிற அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு அறிவியுங்கள். அனுமதியில்லாமல் கணனிக்குள் நுழைவது 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டப்படி குற்றம், பொலிசிலும் முறையிடலாம். தவணைக்கு உழவு இயந்திரம் எடுத்த விவசாயிகளின் அடையாள அட்டை இலக்கமும் போன் இலக்கமும் உங்கள் சேர்வரில் கிடக்கின்றன. அவை அவர்களுடைய உடைமை. 2022-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், அவற்றைக் காக்கிற பொறுப்பை நிறுவனத்தின் மேல்தான் வைக்கிறது, வரவேற்பு மேசையின் மேல் இல்லை.

முகாமையாளர் ஒரு வேலை செய்ய வேண்டும், அதை வேறு யாரும் செய்ய முடியாது. 'சேர்தான் சொன்னவர்' என்று யாராவது அவரின் பெயரைச் சொல்லி அவசரப்படுத்தினாலும் மறுக்கலாம், அப்படி மறுத்ததற்காக ஒருவரையும் ஏசமாட்டேன் என்று ஊழியர்களுக்கு முன்னால் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். போன கிழமை ஏசிய அதே இடத்தில் சொன்னால் இன்னும் நல்லது. சம்மதிக்கமாட்டார் என்று தோன்றினால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் மேசையில் வையுங்கள்.

அந்தத் தங்கச்சியிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, அன்று கேட்ட கேள்விகளை ஞாபகம் இருக்கிற வரிசையில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் குரலைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அடுத்த கோல் வரும்போது முதலில் அடையாளம் காணப்போகிறவரும் அவர்தான்.