முதலில் முகமா, பாட்டா?

அன்புள்ள அண்ணா,

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். படப் பாட்டுகளைக் கவர் பாடி யூடியூப்பில் போட்டால் ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள். கிண்ணியாவில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போன படகான ‘பாதை’யைப் பற்றி நானே எழுதி மெட்டமைத்த பாட்டை (இணைத்திருக்கிறேன்) வீட்டாரும் சிநேகிதர் சிலரும்தான் கேட்டார்கள். "முதலில் நாலு பேருக்குத் தெரிந்த முகமாகு, பிறகு உன் பாட்டைக் கேட்பார்கள், பாட்டில் ஊர்ப் பேச்சுவழக்கையும் விட்டுவிடு" என்கிறார்கள். நான் எப்படிப்பட்ட பாடகன் என்று முதலில் முடிவெடுக்க வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை கச்சேரிக்குப் போக நாங்களும் அந்தப் படகுப்பாதையைத்தான் காத்துக்கொண்டு நிற்போம், அதனாலோ என்னவோ, இரண்டாம் சரணத்தில் உம்முடைய அம்மம்மா பாதைக்காரரோடு விலை பேசுகிற இடம் வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பல்லவியில் அது நடக்கவில்லை. மெட்டு எங்கேயோ கேட்ட படப் பாட்டின் சாயல், உம்முடைய குரலும் அங்கே வேறு யாருடையதோவாக மாறிவிடுகிறது. நீர் எப்படிப்பட்ட பாடகர் என்பதற்குப் பதில் அந்தச் சரணத்தில் ஏற்கெனவே கிடக்கிறது. அதை முதலில் முடிவெடுத்துவிட்டுப் பாட்டுப் போட உட்கார்ந்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

சரி, முகத்துக்கு வருவோம். 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் கச்சேரி நடந்தபோது சனம் தடுப்புகளைத் தாண்டி உள்ளே வந்ததும் நிகழ்ச்சி குழம்பியதும் உமக்குத் தெரியும். அந்தச் சனத்தை நான் குறை சொல்ல மாட்டேன், திரையில் மட்டும் பார்த்த முகங்களை இத்தனை காலத்துக்குப் பிறகு பக்கத்தில் பார்க்கிற ஆசை அது. ஆனால் அந்த நெரிசலில் பாட்டைக் கேட்க யாரால் முடிந்திருக்கும்? முகம் பெரிதாகிவிட்டால் பாடகருக்கும் அதே கதிதான். சிலோன் மனோகரை நினைத்துப் பாரும். எவ்வளவோ பாடினார், படங்களில் நடித்தார், தமிழ்நாட்டில் ஊரே அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2018 இல் அவர் காலமானபோது எல்லோர் வாயிலும் வந்தது ‘சுராங்கனி’ ஒன்றுதான். எனக்கும் அந்தப் பாட்டுப் பிடிக்கும், மற்றப் பாட்டுகளை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

நம்முடைய திருகோணமலைக் கோணேசர் மேல் சம்பந்தர் பாடிய பதிகத்தை ஒருதரம் பாடகனாக வாசித்துப் பாரும். அவர் இங்கே வந்ததில்லை, இராமேசுவரத்தில் இருந்தே பாடினார் என்பது பெரியபுராணக் கதை. ‘நிரைகழல் அரவம் சிலம்பொலி’ என்று எடுத்த எடுப்பிலேயே சத்தம், கழலும் சிலம்பும், அந்தப் பாட்டு முடிவதற்குள் முத்துக் கொழிக்கிற கடலும் இரைய ஆரம்பித்துவிடும். இப்படியே கடைசிக்கு முந்திய பாட்டு வரைக்கும் சாமி, மலை, கடல். கடைசிப் பாட்டில்தான் ‘ஞானசம்பந்தன்’ என்று தன் பெயரை வைக்கிறார், அதுவும் ‘கற்றுணர் கேள்விக் காழியர் பெருமான்’ என்று நல்ல மிடுக்காக. பெயர் போடுவதில் அவருக்குக் கூச்சமே இல்லை, அதற்கு முன்னால் பாட்டு முழுக்க வந்துவிட்டது, அவ்வளவுதான். உம்மை முகமாகச் சொல்கிறவர்கள் அந்தக் கடைசிப் பாட்டை முதலில் பாடச் சொல்கிறார்கள்.

கவர் பாடுவதை விட வேண்டாம். கோயில் திருவிழா மேடைகளில் படப் பாட்டு வாசித்துத்தான் எங்கள் குழுவும் சீவிக்கிறது, நல்ல மெட்டுகளை வாசித்து வாசித்துத்தான் கையும் பழகியது. ஊர்ப் பேச்சை மட்டும் யார் சொன்னாலும் விடாதையும்.

அப்புறம், அந்தப் பல்லவியை எடுத்துவிட்டு அம்மம்மாவின் வரியையே பல்லவியாக வைத்துப் பாரும். சுருதியை அரைக் கட்டை இறக்கும், மேலே போகும்போது குரல் இறுகுகிறது. கீபோர்டில் போட்டிருக்கிற அலைச் சத்தமும் வேண்டாம், தாளத்துக்கு ஒரு கஞ்சிரா போதும். வீடியோ எடுக்காமல் ஒலிப்பதிவை மட்டும் எனக்கு அனுப்பும்.