பைக்கை நிறுத்திவிட்டு நடக்கும்போது ஹெல்மெட், ஜாக்கெட்டை என்ன செய்வது?

புதுச்சேரிக்கு பைக்கில் வருபவர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான். ரைடிங் கியர் என்றால் ஹெல்மெட், தடித்த ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் சேர்ந்தது. அந்த வெக்கையில் ஜாக்கெட்டோடு நடக்க யாராலும் முடியாது.

பலரும் ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் கவிழ்த்து மாட்டுகிறார்கள். வேண்டாம். ஹெல்மெட்டின் ஓட்டுக்குள் இருப்பது, புது டிவி பெட்டியில் வருகிற தெர்மாகோல் வகைதான். கொஞ்சம் கெட்டி, அவ்வளவே. விழும்போது அது நசுங்கி, தலைக்கு வரும் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஆனால் நசுங்கிய இடம் மறுபடி எழும்பாது. கண்ணாடி முனை அழுத்தி அழுத்திக் குழி விழுந்தால், அந்த இடத்தில் பாதுகாப்பு குறையும். பெட்ரோல் பட்டாலும் தெர்மாகோல் கரையும்.

சீட்டுக்குப் பின்னால் மாட்டும், பூட்டக்கூடிய பெட்டி (டாப் பாக்ஸ்) இருந்தால் கவலையே இல்லை. இல்லாவிட்டால் நம்பர் பூட்டு வைத்த கம்பிக் கயிறு ஒன்று போதும்: ஜாக்கெட்டின் கை, ஹெல்மெட்டின் தாடைப் பகுதி, வண்டியின் சட்டம் மூன்றிலும் கோத்துவிடலாம். தங்கும் அறை பக்கத்தில் இருந்தால் அங்கேயே வைத்துவிடுவது இன்னும் நல்லது. வியர்த்த கையுறையை மட்டும் ஹெல்மெட்டுக்குள் திணிக்காதீர்கள். கடற்காற்றின் ஈரத்தில் சீக்கிரம் நாறும்.

அப்புறம், வண்டியிலேயே வரும் ஹெல்மெட் லாக்கில் மாட்டினால் திருடு போகாது என்பது தவறு. அது பிடித்திருப்பது வெறும் நாடாவை, ஒரு கத்தி போதும் அறுக்க.