நகையை அடகு வைத்து இப்போதே உரம் வாங்கலாமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஐந்து ஏக்கரில் சம்பா போடுகிறேன். மூன்று ஏக்கர் சொந்தம், இரண்டு குத்தகை. அமெரிக்காவின் இறக்குமதி வரி, சீனாவின் உர ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்று தினமும் செய்தி வருகிறது. "ஆடியிலேயே எல்லாத்தையும் எடுத்துப் போட்டுடுங்க, ஏறப் போவுது" என்கிறார் உரக்கடைக்காரர். உளுந்து விற்ற 12,000 ரூபாயை நடவுக் கூலிக்கு வைத்துக்கொண்டு, உரத்துக்கு மனைவியின் நகையை ஒன்றரை வட்டிக்கு வைக்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும். கடைக்காரர் சொல்வதில் ஒரு பகுதி உண்மைதான், ஆனால் அது எல்லா உரத்துக்கும் பொருந்தாது.

முதலில் தேவையைப் பார்ப்போம். டெல்டாவுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ. அதாவது ஏக்கருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 20, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 20. உங்கள் ஐந்து ஏக்கருக்கு மணிச்சத்து தரும் டி.ஏ.பி. ஐந்து மூட்டை, யூரியா பன்னிரண்டு பதின்மூன்று மூட்டை, பொட்டாஷ் நான்கு மூட்டைக்குள் அடங்கிவிடும். மண் பரிசோதனை செய்தால் இதிலும் குறைய வாய்ப்பு உண்டு.

இதில் யூரியா விலையை அரசே நிர்ணயிக்கிறது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. 2018 முதல் அடிப்படை விலை மாறவில்லை. உலகச் சந்தையில் என்ன ஆனாலும் அந்தச் சுமை மானியத்தில்தான் ஏறும். அதை ஆடியில் வாங்கி அடுக்கினால் காசு மிச்சமாகாது. ஐப்பசி மழை ஈரத்தில் கட்டிதான் தட்டும்.

டி.ஏ.பி.யின் கதை வேறு. 2021 ஏப்ரலில் மூட்டை 1,900 என்று அறிவிப்பு வந்து ஊரே பதறியது. மே மாதமே மத்திய அரசு மூட்டைக்கான மானியத்தை 500-லிருந்து 1,200 ரூபாயாக உயர்த்த, விலை பழைய 1,200-க்கே திரும்பியது. 2022-இல் 1,350 ஆயிற்று. அதன்பிறகும் மானியத்தைக் கூட்டித்தான் அந்த விலையைப் பிடித்து வைத்தார்கள். ஆகவே டி.ஏ.பி.யில் விலையைவிடத் தட்டுப்பாட்டுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். சீனா ஏற்றுமதியை இறுக்கினால் நமக்கு வரும் சரக்கு குறைகிறது. நடவு நேரத்தில் கடைக்குப் போனால் "இந்த டானிக்கையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை" என்று தலையில் கட்டுகிறார்கள். அமெரிக்கா போடும் வரி அவர்கள் நாட்டுக்குள் போகும் சரக்குக்கு. நம் மூட்டையில் அது நேராக ஏறாது.

உண்மையில் விலை ஆடுவது பொட்டாஷும், பல சத்துகள் சேர்ந்த காம்ப்ளெக்ஸ் உரமும்தான். பொட்டாஷ் முழுக்க இறக்குமதி. ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்த மூட்டை 2022 தொடக்கத்தில் 1,700-ஐத் தொட்டது. இவற்றுக்கான மானிய விகிதம் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் மாறும். அக்டோபர் என்றால் சம்பாவின் நடுவில்.

இப்போது வட்டிக்கணக்கு. பொட்டாஷை 1,700 என்றே வைத்தாலும் மொத்த உரம் சுமார் 17,000 ரூபாய். ஒன்றரை வட்டிக்கு மாதம் 255. மூன்று மாதம் முன்கூட்டி வாங்கினால் 765. யூரியா ஏறாது என்பதால் மீதி ஒன்பது மூட்டையும் தலைக்கு 85 ரூபாய் ஏறினால்தான் உங்கள் கணக்கு நேராகும். அதற்குமேல் ஏறினால்தான் லாபம். ஏறாமல் போனால்? நெல் கொள்முதல் பணம் வரும் வரை நகையைத் திருப்ப முடியாது. நடுவில் ஒரு வெள்ளம் வந்தால் நகை ஏலத்துக்குப் போகும். மூட்டைக்கு நூறு ரூபாய் மிச்சப்படுத்த அந்த நகையைப் பணயம் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

உளுந்துப் பணத்தை உரத்துக்குத் திருப்புங்கள். ஆவணி முடிவதற்குள் ஐந்து மூட்டை டி.ஏ.பி. (6,750), இரண்டு மூட்டை பொட்டாஷ், அடியுரத்துக்கு இரண்டு மூட்டை யூரியா. எல்லாம் 11,000-க்குள் முடியும். மணிச்சத்து முழுவதும் அடியுரமாகவே போக வேண்டும். நடவன்று அது கையில் இல்லாவிட்டால் பிறகு ஈடுகட்ட முடியாது. மேலுர யூரியாவை ஒவ்வொரு தவணைக்கும் பத்து நாள் முன்பு எடுத்தால் போதும். டி.ஏ.பி. கிடைக்கவில்லையா, ஏக்கருக்கு இரண்டு மூட்டை 20:20:0:13 காம்ப்ளெக்ஸ் போடுங்கள். தழைச்சத்தும் அதிலேயே 20 கிலோ வருவதால் யூரியாவில் அரை மூட்டைக்கு மேல் குறையும். சூப்பர் பாஸ்பேட் என்றால் ஏக்கருக்கு இரண்டரை மூட்டை.

நடவுக் கூலிக்கும் மீதி உரத்துக்கும் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்கள். தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் அதற்கு வட்டியே இல்லை. ஒரு பகுதியை உரமாகவும் தருவார்கள். சொந்த மூன்று ஏக்கருக்குச் சிட்டா, அடங்கலோடு இந்த வாரமே போங்கள், கூட்டம் சேர்ந்தபின் இழுத்தடிக்கும். குத்தகை இரண்டு ஏக்கருக்கு அடங்கல் யார் பெயரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். கடனுக்கு மட்டுமல்ல, வெள்ள நிவாரணத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அதுதான் கேட்பார்கள்.

கடையில் விற்பனைக் கருவியில் கைரேகை வைத்தபின் பில்லை வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள். மூட்டையில் அச்சிட்டதற்கு மேல் கேட்டாலோ, வேறு பொருளைச் சேர்த்துக் கட்டினாலோ அந்தப் பில்லோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.